கால் நனைக்காத மாப்பிள்ளை

மணப்பாட்டுக் கடற்கரை. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. ஈர மணல் முடிந்து காய்ந்த மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு ஓரம் தெரியும் அல்லவா, அந்த ஓரத்துக்கு நாலடி தள்ளி என் மருமகன் நிற்கிறார். பேன்ட்டை மடித்துவிடவில்லை. ஒரு கையில் என் மனைவியின் கைப்பை. இன்னொரு கையில் என் மைத்துனன் பிள்ளைகள் கழற்றிப் போட்ட செருப்புகள். அலை கொஞ்சம் நீளமாக வந்தால் இரண்டடி பின்னால் போகிறார். அது திரும்பியதும் பழைய இடத்துக்கு வந்து நிற்கிறார்.

முகத்தில் தாடி. தலைமுடி காதை மூடிக் கிடக்கிறது.

"வீட்டுக்கு வரமாட்டேன்னு இருந்தவரக் கெஞ்சிக் கூத்தாடிக் கடலுக்குக் கூட்டிட்டு வந்தா, காலக்கூட நனைக்க மாட்டேங்குதாரு. கோவம் இன்னும் போகலங்க" என்று இசக்கி என் காதோரம் சொன்னாள். இசக்கி என் மனைவி.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் மழையில் பந்தல் சரிந்த கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். அதை இன்னொரு நாள் சொல்கிறேன். இந்த வாரம் மனம் அங்கே போகவில்லை. போன வருடக் கோடையில் நடந்த இந்தக் கடல் விஷயம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது.

வாளியோடு நின்றேன்

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழ்வார்குறிச்சியில் ஒரு வாடகைப் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்றால் அண்டா, குண்டான், நாற்காலி, மேசை எல்லாம் ஏற்றிப் போய் இறக்குவோம். முடிந்ததும் கழுவி ஏற்றிக்கொண்டு வருவோம். ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தேன். அதிகம் வாய் திறக்க வேண்டியதில்லை. எனக்கு ஒத்துப்போனதற்கு அதுவே காரணம்.

ஒரே மகள், உமா. பாளையங்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மருமகன் பெயர் சரவணன். கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவரும் அதிகம் பேசமாட்டார். அதனால் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கல்யாணமாகி நாலு வருடத்தில் இரண்டு முறை உமாவுக்குக் கரு தங்கவில்லை. முதல் முறை ஊருக்கே சொல்லி, ஊரே துக்கம் கேட்டு வந்தது. இரண்டாவது முறை எனக்கும் இசக்கிக்கும் மட்டும்தான் சொன்னார்கள். அதுவும் மூன்றாம் மாதம் போய்விட்டது.

அது போய் இருபது நாள்கூட ஆகியிருக்காது. அம்பாசமுத்திரத்தில் இசக்கியின் தம்பி சுடலையின் மகளுக்குக் காதுகுத்து. சுடலை சொந்தமாக வேன் ஓட்டுகிறவன். சத்தமான ஆள். அவன் இருக்கிற இடத்தில் மைக் செட் தேவையில்லை. நல்லவன்தான். ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

முதல் பந்தியில் மருமகனை உட்கார வைத்திருந்தோம். நான் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். சுடலை வந்தான். மாப்பிள்ளையின் இலைக்கு முன்னால் நின்றான்.

"என்ன மாப்பிள்ள, கல்யாணம் ஆகி எத்தன வருசம் ஆச்சு? எங்க வீட்டுத் தொட்டிலு பரண்ல கெடந்து தூசி அடையுது. நீரு ஜெராக்ஸ் கடைக்காரருதான? ஒரு காப்பி எடுக்கதுக்கு இம்புட்டு நேரமாவே?"

பந்தி முழுக்கச் சிரித்தது. அவனுக்கு இரண்டாவது முறை நடந்தது தெரியாது. எனக்குத் தெரியும்.

மருமகன் சோற்றைப் பிசைந்திருந்தார். ஒரு வாய்கூட வைக்கவில்லை. இலையை மூடினார். எழுந்து கையைக் கழுவினார். பெண்கள் பக்கம் போய் உமாவைக் கூப்பிட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

'ஏலே, வாய மூடு' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கரண்டியை வாளிக்குள் விட்டேன். எடுத்தேன். அடுத்த இலைக்கு ஊற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒன்றே கால் வருடம் அவர் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. தீபாவளிக்கு உமா மட்டும் வந்தாள். வந்த ஒரு மணி நேரத்தில் பையை எடுத்தாள். "அவரு வராத வீட்டுல நான் மட்டும் எப்படிப்பா தங்க?" என்றாள். அடுத்து பொங்கலுக்கு அவளும் வரவில்லை. இப்படியே போனால் மகள் இல்லாத வீடாகிவிடும் என்று எனக்குப் புரிந்தது.

எந்தக் கடலுக்குப் போவது?

யோசனை இசக்கியுடையது.

"வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டாரு. ஒரு கடலுக்குக் கூப்பிடுவோம். எல்லாரும் ஒரு நாள் சேர்ந்து இருந்தா முகம் பாத்துப் பேசித்தான ஆகணும்? சுடலையும் வரட்டும். அவந்தான ஆரம்பிச்சான்."

சுடலைக்கு விஷயம் பின்னால்தான் தெரியும். தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் போய் மன்னிப்பாக ஒரு வார்த்தை கேட்க அவனுக்கு வரவில்லை. 'வண்டி என் வண்டி, டீசல் என் டீசல்' என்று மட்டும் சொன்னான்.

கோடையில் பிள்ளைகளுக்கு விடுமுறை. எனக்குத்தான் கிடையாது. சித்திரை, வைகாசி முழுக்க முகூர்த்தம். ஒரு மண்டபத்தில் அண்டா ஆறுவதற்குள் அடுத்த மண்டபத்துக்கு ஏற்ற வேண்டும். எங்கள் கடையில் வேலை செய்கிறவனுக்கு ஓய்வு என்றால் அது அஷ்டமியும் நவமியும்தான். ஊரார் நல்ல காரியம் செய்யாத நாள்கள்தான் எங்களுக்கு நல்ல நாள்கள். ஆகவே தேய்பிறை அஷ்டமி என்று நாள் முடிவாகிவிட்டது. இடம்தான் முடிவாகவில்லை.

குடும்பத்தோடு போகிற கடற்கரைக்கு ஒவ்வொருவரிடமும் ஒரு அளவுகோல் இருந்தது. இசக்கிக்கு நிழல் வேண்டும், பெண்கள் துணி மாற்ற மறைவிடம் வேண்டும், குடிகாரர்கள் கூடாது. சுடலைக்குப் படகு வேண்டும், பஜ்ஜி வேண்டும், கூட்டம் வேண்டும். "ஆளில்லாத கடல்ல என்னத்தப் பாக்க? நண்டையா?" என்பான். அவன் பிள்ளைகளுக்கு ஆழமில்லாத தண்ணீர் வேண்டும்.

மருமகனிடம் போனில் கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. "மாமனாரு நீங்கதான் கூப்பிடணும்" என்று இசக்கி சொல்லிவிட்டாள். போனில் பேசுவது எனக்கு அண்டா தூக்குவதைவிடக் கஷ்டம். கடையின் பின்பக்கம் போய், சொல்ல வேண்டியதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை அழுத்துவேன்.

"மாப்பிள்ள, திருச்செந்தூரு போவமான்னு கேக்காங்க."

"அந்த ரோடு இப்போ எப்படி மாமா இருக்கு?"

"வேல நடக்குன்னு சொல்லுதாங்க."

"அப்போ வேண்டாம் மாமா."

இரண்டு நாள் கழித்துக் கன்னியாகுமரி. "எவ்வளவு நேரம் ஒக்காந்து போகணும்?" என்றார். சொன்னேன். "அது ரொம்ப தூரம் மாமா." அடுத்து உவரி. "ரோடு எப்படி?" என்று மறுபடியும் அதே கேள்வி.

கடலைப் பற்றி அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ரோட்டைப் பற்றியே கேட்டார். வர மனமில்லாதவர் சொல்கிற சாக்கு என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது போனை வைத்தபோது எனக்கு அலுத்துவிட்டது. எந்தக் கடலும் வேண்டாம், அந்த அஷ்டமியில் பாயை விரித்துப் படுத்துக் கிடக்கலாம் என்று தோன்றியது.

லூர்து சொன்னது

கடைசியில் மணப்பாடு என்று சொன்னவர் லூர்து. அந்தப் பக்கத்துக்காரர். தூத்துக்குடியில் விசைப்படகில் போகிறவர். அவர் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொண்டுபோனபோது பழக்கம். அன்று எனக்குக் காய்ச்சல். என்னைப் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டு ஆட்களை வைத்து என் அண்டாக்களை இறக்கிவைத்தவர்.

கோடையில் மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகளுக்குத் தடை. அதனால் அவர் வீட்டில் இருந்தார்.

"குடும்பத்தோட வாறதுன்னா மணப்பாட்டுக்கு வாங்க அண்ணாச்சி. ஒரு பக்கம் அலை அடிச்சாலும் இன்னொரு பக்கம் கழிமுகம், கொளம் மாரி கெடக்கும். பிள்ளையளுக்கு இடுப்புக்கு மேல முங்காது. என்னைக்கு வாறீங்க?"

"அஷ்டமிக்கு."

"நல்லதாப் போச்சு. அமாவாச, பவுர்ணமிக்குத்தான் கடலு துள்ளும். எட்டாம் நாளு பைய மூச்சு விடும். உங்க கடை லீவும் எங்க கடலு லீவும் ஒண்ணா வருது பாத்தீங்களா!"

ரோட்டைப் பற்றியும் மறக்காமல் கேட்டேன். உடன்குடி வழியாக வந்தால் ரோடு நன்றாக இருக்கிறது என்றார். அதை அப்படியே மருமகனிடம் சொன்னேன். பின்னால் உமாவின் குரல் ஏதோ சொன்னது. "சரி மாமா. ஆனா வேனை பைய ஓட்டச் சொல்லுங்க" என்றார்.

அன்றிரவு இசக்கி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

வேனில்

பாளையங்கோட்டையில் அவர்களை ஏற்றினோம். உமா மெலிந்திருந்தாள். இசக்கி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, சாப்பிடுதியா இல்லையா?" என்றாள். உமா வெயில் என்று சொல்லிவிட்டு நடு இருக்கையில் சாய்ந்துகொண்டாள்.

மருமகன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தலையாட்டு ஆட்டினார். சுடலை கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "வாரும் மாப்பிள்ள" என்றான். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மூலைக்கரைப்பட்டி தாண்டி, சாத்தான்குளம் தாண்டி, உடன்குடி வரை பிள்ளைகளின் சத்தம் மட்டுமே இருந்தது. உடன்குடியில் டீ குடிக்க நிறுத்தினோம். கருப்பட்டிக் காப்பி வாங்கி மருமகனிடம் நீட்டினேன். வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடலுக்குப் போனதும் பிள்ளைகள் ஓடிப்போய் விழுந்தார்கள். இசக்கி முழங்கால் வரை இறங்கி, சேலையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் "யம்மா" என்று கத்தினாள். முப்பது வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. உமா மட்டும் தலைவலி என்று, கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு மீன்பிடி வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். மருமகன் நான் முதலில் சொன்ன இடத்தில் போய் நின்றார்.

"அவளையும் இறங்க விடல பாத்தீங்களா?" என்றாள் இசக்கி.

"விடு" என்றேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சுடலை குளித்த ஈரத்தோடு மேலே வந்தான். கடல் தண்ணீர் அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். எப்படியாவது பழைய கசப்பைச் சிரிப்பாக்கிவிடலாம் என்று நினைத்திருப்பான். அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"என்ன மாப்பிள்ள, கடலு என்ன கடிச்சா வைக்கும்? இங்கன வாரும்வே."

"வேண்டாம். நான் இறங்கல."

"அட, உப்புத்தண்ணி பட்டாத் தாடி கரைஞ்சா போவும்? ஏலே பிள்ளையளா, வாங்கலே! மாப்பிள்ளையக் கடலுக்குக் கட்டிக்கொடுப்போம்!"

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். சுடலை பின்னால் போய் அவர் இரண்டு கைக்குள்ளும் கையை விட்டுத் தூக்கினான். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்தார்கள். செருப்புகள் சிதறின. மருமகன் திமிறினார். "விடுங்க... சொன்னாக் கேளுங்க... விடுங்க" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பந்தியில் இலையை மூடியபோது இருந்த முகம் இல்லை. அன்று கோபம் இருந்தது. இது பயம். நீந்தத் தெரியாதவன் கடலைப் பார்த்துத்தான் பயப்படுவான். இவர் கடலைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி வள்ளத்து நிழலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உமா எழுந்து நின்றிருந்தாள். ஒரு கை வாயில். இன்னொரு கை அடிவயிற்றில்.

உமா வயிற்றில் இருந்தபோது என் அம்மா எனக்கும் சொல்லியிருக்கிறாள். பெண்டாட்டி உண்டாகியிருக்கும்போது புருஷன் கடலில் குளிக்கக் கூடாது. முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. நானும் தாடியோடு அலைந்தேன். திருச்செந்தூருக்குப் பாத்திரம் ஏற்றிப் போய், கூட வந்தவர்கள் எல்லாம் கடலில் விழுந்து எழ, நான் மட்டும் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் தெரிந்த எனக்கு மருமகனின் தாடி தெரியவில்லை. ரோட்டை ரோட்டை என்று கேட்டது புரியவில்லை. கோபத்தையே தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு வேறொன்றும் படவில்லை.

அதற்குள் அவர்கள் ஈர மணலுக்குப் போய்விட்டார்கள். அடுத்த அலை மடிந்து வந்துகொண்டிருந்தது.

"விடுலே!"

அது என் சத்தம்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். நான் ஓடிப்போய் மருமகனின் இடுப்பைப் பிடித்துக் காய்ந்த மணலுக்கு இழுத்தேன். அலை என் காலில் அடித்துவிட்டுப் போனது. அவருக்குப் படவில்லை.

சுடலை வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "என்ன அத்தான்? என்ன ஆச்சு? சும்மா விளையாட்டுக்குத்தான..."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மகளும் மருமகனும் மறைத்து வைத்திருப்பதை நான் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு முறையும் சொன்ன பிறகுதான் போனது. சொல்லாமல் இருப்பதுதான் காவல் என்று நினைத்திருப்பார்கள்.

"எனக்குக் கடல்னா பயம்லே" என்றேன். "நாந்தான் மாப்பிள்ளையத் துணைக்குக் கரையில இருக்கச் சொன்னேன். அவரக் கூட்டிட்டுப் போனா நான் தனியா நிக்கணும்லா."

சுடலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யக்கா! அத்தானுக்குக் கடல்னா பயமாம்! எம்மாம் பெரிய அண்டாவத் தூக்குத மனுசன்!" பிள்ளைகள் சிரித்தார்கள். இசக்கி தண்ணீரிலிருந்து, "இது எனக்கே தெரியாதே!" என்றாள். அன்று முழுவதும் பேச்சு என்னைப் பற்றித்தான். கட்டுச்சோறு பிரித்தபோது ஒரு பிள்ளை என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க மாமா, இங்கன வராது" என்றது. மருமகனை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மணலில் இரண்டு பேர்

சாப்பிட்ட பிறகு அவரும் நானும் தள்ளிப் போய் உட்கார்ந்தோம்.

"உங்களுக்கு நெசமாவே பயமா மாமா?"

"இல்ல." மணலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "எத்தன மாசம்?"

அவர் மூச்சை இழுத்து விட்டார். "மூணு முடிஞ்சு பதினோரு நாள் ஆகுது. டாக்டர் பைய போய்ட்டு வரலாம்னாங்க. அவளுக்கு உங்க எல்லாரையும் பாக்கணும்னு இருந்துச்சு. எங்க அம்மா அஞ்சு மாசம் வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அத்தைக்குக்கூடத் தெரிய வேண்டாம் மாமா."

"சரி."

பிறகு, அன்றே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்ததைச் சொன்னேன். "அன்னைக்குப் பந்தியில நான் பேசிருக்கணும் மாப்பிள்ள."

பரவாயில்லை மாமா, விடுங்க மாமா என்று அவர் சொல்லவில்லை.

"ஆமா மாமா. பேசிருக்கணும்" என்றார்.

அது எனக்கு வலிக்கவில்லை. வெகுநாள் தோளில் இருந்ததைக் கீழே இறக்கியது போல இருந்தது. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயிலில் கண் கூசியது. களைப்பில் அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். எழுந்தபோது என் தலைக்கு மேல் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதலாமா என்று உமாவிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா. உங்க பேரன் தவழவே ஆரம்பிச்சிட்டான், இன்னும் என்ன ரகசியம்?" என்றாள். இசக்கிக்கு மட்டும் இன்னும் வருத்தம். ஒன்றரை மாதம் தன்னிடம் மறைத்துவிட்டேன் என்று சொல்லிக் காட்டுவாள். சொல்ல ஒன்றுமில்லாமல் பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். சொல்ல ஒன்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது அந்த ஒன்றரை மாதம்தான். வேன் திரும்பும்போதே அவள், "ஒரு நாள் பூராவும் கரையிலயே நின்னாரு பாருங்க, என்ன வீம்பு!" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடலுக்குப் போய்வந்து ஐந்தாறு நாள் இருக்கும். கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த பாத்திரங்களைக் கடையின் பின்பக்கம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் சாம்பலும் புளியும். போன் அடித்தது. உமாவின் எண். முழங்கையால் தட்டிக் காதில் இடுக்கிக்கொண்டேன்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

மருமகன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவராக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"சாப்பிட்டேன் மாப்பிள்ள."

"உமா வைகாசி கடைசில அங்கன வந்து கொஞ்ச நாள் இருக்கணும்னு சொல்லுதா. நானும் வாரேன். இருக்கலாமா மாமா?"

வாங்க என்று சொல்ல வேண்டும். கையில் இருந்த குண்டானையே தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்படி நான் பேசாமல் நின்றால் முன்பெல்லாம் அவர் போனை வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை.

"லைன்ல இருக்கீங்களா மாமா?"

"இருக்கேன்" என்றேன். "ரெண்டு பேரும் வாங்க."

அப்போது மணி மூன்று இருக்கும். நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்த் தூக்குச்சட்டியைத் திறந்தேன்.